மழைக்கு ஒரு பிணை

கடலில் கப்பல் விட்டவனுடைய பயத்துக்கு விலை நிர்ணயிக்க மனிதன் கற்றுக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. வயலில் விதை விட்டவனுடைய பயத்துக்கு விலை நிர்ணயிக்க அவன் முற்பட்டதோ, சரித்திரக் கணக்கில் பார்த்தால், நேற்று என்றே சொல்லவேண்டும். கௌடலீயரின் அர்த்தசாஸ்திரத்தில் வட்டியைப் பற்றிய பகுதியைப் படிப்பவர்கள் அங்கே ஒரு விசித்திரமான படிவரிசையைக் காண்பார்கள். நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் தர்மமான வட்டி. வியாபாரத்துக்கு வாங்கிய கடனாயின் ஐந்து. காட்டு வழியே சரக்குக் கொண்டுபோகிறவனாயின் பத்து. கடல் கடந்து போகிறவனாயின் இருபது. பணம் ஒன்றுதான், மாதமும் ஒன்றுதான். வழியில் உள்ள ஆபத்துதான் வேறு. ஆபத்தை அளக்கலாம், அளந்ததைப் பணமாகச் சொல்லலாம், அதை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாற்றலாம் என்கிற இன்ஷூரன்ஸ் சாஸ்திரத்தின் மூலக் கருத்து முழுவதும் அந்த நான்கு எண்களுக்குள் விதையாகக் கிடக்கிறது.

அந்த விதை வணிகர்களுடைய நிலத்தில் சீக்கிரம் முளைத்தது. நம் தேசத்தில் 1818-ல் கல்கத்தாவில் ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஏற்பட்டது. அதற்குப் பிறகு உயிருக்கும், சரக்குக்கும், கப்பலுக்கும், ஆலைக்கும், தீக்கும் ஒவ்வொன்றாகக் காப்பீடு வந்தது. தேசத்தின் ஜனங்களில் பெரும்பாலோர் எந்தத் தொழிலை நம்பிப் பிழைத்தார்களோ அந்த விவசாயத்துக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. இது கம்பெனிக்காரர்களின் கல்மனத்தால் நேர்ந்ததன்று. பயிருக்குக் காப்பீடு செய்வது என்பது உள்ளபடியே ஒரு கடினமான புதிர். அந்தப் புதிருக்கு விடை தேடியவர்களில் தலையாயவராக இன்று நினைக்கப்படுகிறவர், ‘இந்தியப் பயிர்க் காப்பீட்டின் தந்தை’ என்று துறையறிந்தவர்களால் அழைக்கப்படுகிற பேராசிரியர் வி. எம். தாண்டேகர். 1920-ல் மகாராஷ்டிரத்துச் சாத்தாராவில் பிறந்து, 1995-ல் மறைந்த அந்தப் பெரியவரின் பெயர் வறுமைக் கோட்டைப் பற்றிய விவாதங்களில் அடிபடுகிற அளவுக்குப் பயிர்க் காப்பீட்டைப் பற்றிய பேச்சில் அடிபடுவதில்லை. காப்பீட்டுத் தொகை கேட்டு வங்கி வாசலில் நிற்கிற குடியானவர்களில் நூற்றில் ஒருவர்கூட அவர் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். அவர் செய்த காரியம் என்ன, அவருக்கு முன்னே வழி கண்டவர் யார், அந்த வழி இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதைச் சாவகாசமாக எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பீடு என்ற சொல்லை அறியாத காலத்திலும் குடியானவன் முற்றிலும் நிராதரவாக இருந்துவிடவில்லை. ஒரே இடத்தில் ஐந்து மா நிலம் வைத்துக்கொள்ளாமல் மேட்டில் கொஞ்சம், பள்ளத்தில் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டால் வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் ஏதோ ஒன்று பிழைக்கும் என்பது அவன் கண்ட கணக்கு. தஞ்சைப் பகுதியில் மிராசுதாரர்கள் கிராமத்து நிலங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் தங்களுக்குள் மறுபடியும் பங்கிட்டுக்கொள்கிற கரையீடு என்னும் வழக்கம் இருந்ததும், நல்ல நிலத்தின் அதிர்ஷ்டமும் கெட்ட நிலத்தின் துரதிர்ஷ்டமும் ஒரே குடும்பத்தில் நிலைத்துவிடாமல் சுற்றிவருவதற்கு ஒரு வழியாயிற்று. குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வித்தியாசமும் இத்தகையதே. விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை கலம் என்று பேசிக்கொண்ட குத்தகையில் ஆபத்து முழுவதும் உழுகிறவன் தலையில் விழுகிறது. விளைந்ததில் இன்ன பங்கு என்ற வாரத்தில் மிராசுதாரரும் அந்த ஆபத்தில் பங்காளியாகிறார். பொருளாதார சாஸ்திரிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணித சூத்திரங்களோடு நிரூபித்ததை நம் களத்துமேடுகள் அனுபவத்தால் அறிந்திருந்தன.

சர்க்கார் தரப்பிலும் ஒரு பரிகாரம் இருந்தது. அதற்கு வஜா என்று பெயர். சென்னை ராஜதானியின் ரயத்துவாரி முறையில், பயிர் சாவியாகிப் போனால் தீர்வையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ தள்ளிக்கொடுப்பார்கள். ஆனால் எந்த வயலில் பயிர் சாவி, எந்த வயலில் அரை விளைச்சல் என்பதைப் பார்த்து எழுதவேண்டியவர் கிராமத்துக் கர்ணம். வயலைப் பார்த்து எழுதுவதும், ஆளைப் பார்த்து எழுதுவதும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே எழுதுவதும் அவருடைய பேனாவுக்குள் அடங்கிய விஷயம். ஜமாபந்தி நடத்த வந்த அதிகாரி ஆயிரக்கணக்கான வயல்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க முடியாது. பார்த்தாலும் அறுத்த வயலில் என்ன விளைந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிற்காலத்தில் பயிர்க் காப்பீட்டை ஆட்டிவைத்த நோய் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருப்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்களாக: நஷ்டம் இவ்வளவு என்று யார் சொல்வது? அவர் சொல்வதை எதைக்கொண்டு நம்புவது?

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டுப் பாட்டிமார்களின் பேச்சில் இரண்டு மூன்று தலைமுறைக்கு நிலைத்திருந்தது. அந்தப் பஞ்சம் மைசூர் ராஜ்யத்தையும் நாசம் செய்தது. 1871-ம் வருஷத்து ஜனக் கணக்கில் 50 லட்சத்துக்கு மேல் இருந்த அந்த ராஜ்யத்து மக்கள் தொகை 1881-ல் சுமார் 42 லட்சமாகக் குறைந்துவிட்டது. வளரவேண்டிய தொகை ஆறில் ஒரு பங்கு குறைந்தது என்றால் அந்த ஆறாவது பங்கு எங்கே போயிற்று என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மழை பொய்த்தால் ராஜ்யமே பொய்க்கும் என்ற இந்த நினைவு மைசூர் அதிகாரிகளின் மனத்திலிருந்து நெடுங்காலம் நீங்கவில்லை. விஸ்வேஸ்வரையா திவானாக இருந்த 1912-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட காலத்தில், பாங்கியும் சர்வகலாசாலையும் தொழிற்சாலைகளும் திட்டமிடப்பட்ட அந்த உற்சாகமான சூழ்நிலையில், மைசூர் அரசாங்கத்தின் நிதி இலாகாவில் உயர் பதவி வகித்த ஜே. எஸ். சக்ரவர்த்தி என்பவர் 1915-ல் ஒரு புதுமையான யோசனையை முன்வைத்தார். 1920-ல் அது இந்திய நிலைமைக்கு ஏற்ற விவசாய இன்ஷூரன்ஸ் திட்டம் என்ற பொருள்படும் தலைப்புடன் ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் வெளிவந்தது.

சக்ரவர்த்தியின் யோசனையை எளிதாகச் சொல்லிவிடலாம். அதை முதன்முதலில் நினைப்பதுதான் எளிதன்று. குடியானவனின் பயிரைக் காப்பீடு செய்யப் புகுந்தால் ஒவ்வொரு வயலுக்கும் ஆள் அனுப்பவேண்டும். நஷ்டம் மழையால் வந்ததா, சோம்பலால் வந்ததா என்று விசாரிக்கவேண்டும். விசாரிக்கிறவனை வேறொருவன் விசாரிக்கவேண்டும். ஆகவே பயிரை விட்டுவிடுங்கள், மழையையே காப்பீடு செய்யுங்கள் என்றார் அவர். மழைமானி என்பது மூடி மறைக்கவும் பரிந்து பேசவும் தெரியாத ஒரு பாத்திரம். அந்த வட்டாரத்தில் இன்ன அளவுக்குக் குறைவாக மழை பெய்தால் அங்கே காப்பீடு செய்துகொண்டவர்கள் அனைவருக்கும் முன்கூட்டியே பேசிக்கொண்ட தொகையைக் கொடுத்துவிடுவது. யாருடைய வயலுக்கும் போகவேண்டியதில்லை. இதை வெறும் ஆசையாக எழுதிவிடாமல், 1870 முதல் 1914 வரையில் வானிலை இலாகா சேகரித்து வைத்திருந்த மழைக் கணக்குகளை எடுத்துக்கொண்டு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மழை தவறுகிறது, அதற்கு எவ்வளவு பிரீமியம் வசூலிக்கவேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டும் காட்டினார்.

அந்தத் திட்டம் அமலுக்கு வரவில்லை. நூல் அலமாரிக்குள் போயிற்று. அதை எழுதியவர் பெயர் அதைவிட வேகமாக மறைந்தது. வெளிநாடுகள் வேறு வழியில் போய் அனுபவப்பட்டன. அமெரிக்காவில் 1938-ல் இதற்கென்று சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டு கோதுமைக்குக் காப்பீடு தொடங்கி, ஒவ்வொரு பண்ணையாகப் பார்த்து இழப்பீடு கொடுத்ததில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்து, சில ஆண்டுகளுக்குள் அதை நிறுத்திப் பின்னர்ப் பரீட்சார்த்தமாகத் திரும்பவும் தொடங்க நேர்ந்தது. சுதந்திரம் வந்த சமயத்தில் இந்திய சர்க்கார் ஜி. எஸ். பிரியோல்கர் என்பவரைக்கொண்டு 1947–48-ல் இந்த விஷயத்தை ஆராயச் செய்தது. தனித்தனி விவசாயியைப் பார்ப்பதா, ஒத்த தன்மையுடைய வட்டாரத்தைப் பார்ப்பதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிரியோல்கர் வட்டாரத்தின் பக்கமே சாய்ந்தார். ஆனால் ராஜ்ய சர்க்கார்கள், கஜானாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாக விலகிக்கொண்டன. 1965-ல் ஒரு மசோதாவும் ஒரு மாதிரித் திட்டமும் தயாராயின. அவற்றைப் பரிசீலிக்க 1970-ல் தரம் நாராயண் தலைமையில் அமைந்த நிபுணர் குழு, நம் நாட்டு நிலைமையில் பயிர்க் காப்பீடு உசிதமன்று என்ற முடிவுக்கு வந்தது.

இதற்குப் பின்னும் ஒரு பரீட்சை நடந்தது. 1972–73-ல், குஜராத்தின் சில ஜில்லாக்களில், அப்போது புதிதாகப் புகழ்பெற்றிருந்த எச்-4 என்ற வீரிய ரகப் பருத்திக்கு விவசாயிவாரியாகக் காப்பீடு தொடங்கினார்கள். பிறகு பொதுக் காப்பீட்டுக் கழகம் அதை ஏற்றுக்கொண்டு, நிலக்கடலை, கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் சேர்த்து, மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம், மேற்கு வங்கம் ஆகிய இடங்களோடு நம் தமிழ்நாட்டிலும் நடத்திப் பார்த்தது. 1978–79 வரையில் நடந்த அந்தப் பரீட்சையில் சேர்ந்த விவசாயிகள் மொத்தம் 3,110 பேர். அவர்கள் கட்டிய பிரீமியம் 4.54 லட்சம் ரூபாய். அவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம் ரூபாய். ஒரு ரூபாய் வாங்கி எட்டு ரூபாய்க்கு மேல் கொடுத்த இந்த வியாபாரத்தைக் கண்டு, தரம் நாராயண் குழு சொன்னது சரிதான் என்று பலரும் புத்தகத்தை மூடிவிட்டார்கள். மூடிய புத்தகத்தைத் திறந்தவர் தாண்டேகர்.

பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தார் 1930-ல் நிறுவிய கோகலே அரசியல் பொருளாதார ஸ்தாபனம், கிராமத்துக்குப் போய்க் கணக்கெடுக்காமல் கிராமத்தைப் பற்றி எழுதக் கூடாது என்ற விரதத்தைக் கொண்ட ஒரு வித்தியாசாலை. அங்கே வளர்ந்து, பின்னர் அதன் தலைவராகவும் விளங்கிய தாண்டேகர், பயிற்சியால் புள்ளிவிவர நிபுணர். சுபாவத்தால் பிறர் ஒப்புக்கொண்டதை எளிதில் ஒப்புக்கொள்ளாதவர். 1971-ல் நீலகண்ட ரத்துடன் சேர்ந்து அவர் வெளியிட்ட இந்திய வறுமையைப் பற்றிய ஆராய்ச்சி, ஒருவனுக்கு ஒரு நாளைக்கு 2,250 கலோரி ஆகாரம் கிடைக்கப் போதுமான செலவு எவ்வளவு என்று கேட்டு, அந்தச் செலவைச் செய்ய முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டியது. வறுமையை வெறும் இரக்கத்துக்குரிய விஷயமாக விட்டுவிடாமல் அளவுகோலுக்குக் கொண்டுவந்த அதே மனப்பான்மைதான், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பயிர்க் காப்பீட்டின் பக்கம் திரும்பியது.

1976-ல் அவர் எழுதிய கட்டுரையும், பொதுக் காப்பீட்டுக் கழகம் கேட்டுக்கொண்டதன்பேரில் அவர் செய்த ஆராய்ச்சியும் சொல்லியதன் சாரம் இதுதான். தனி விவசாயியின் வயலில் ஆண்டுதோறும் என்ன விளைந்தது என்ற நம்பத் தகுந்த கணக்கு நம்மிடம் இல்லை. இனியும் கிடைக்கப் போவதில்லை. அது இல்லாமல் அவனுக்கு நியாயமான பிரீமியமும் நிர்ணயிக்க முடியாது. நியாயமான இழப்பீடும் கொடுக்க முடியாது. ஆனால் மண்ணும் மழையும் பயிரும் ஒத்திருக்கிற ஒரு வட்டாரத்தில், நல்ல ஆண்டில் எல்லோருக்கும் நன்றாக விளைகிறது, கெட்ட ஆண்டில் எல்லோருக்கும் குறைகிறது. ஆகவே அந்த வட்டாரம் முழுவதையும் ஒரே வயலாகப் பாவியுங்கள். வட்டாரத்தின் சராசரி மகசூலுக்கோ பல ஆண்டுக் கணக்கு நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சராசரி குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இறங்கினால், இறங்கிய விகிதப்படி அங்கே காப்பீடு செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் ஒரே விகிதத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். ஒரு வட்டாரத்தில் நெல்லின் வழக்கமான மகசூல் ஹெக்டேருக்கு 2,000 கிலோ என்றும், அதில் 80 சதவீதமான 1,600 கிலோவுக்கு உத்தரவாதம் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு சராசரி 1,200 கிலோதான் கிடைத்தது. குறைவு 400 கிலோ. உத்தரவாதத்தில் கால் பங்கு. எனவே 10,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்தவனுக்கு 2,500 ரூபாய். 4,000 ரூபாய்க்குச் செய்தவனுக்கு 1,000 ரூபாய். அவனவன் வயலில் என்ன விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை.

யாரும் கேட்பதில்லை என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் நுட்பம் இருக்கிறது. காப்பீட்டுத் தத்துவத்தில் பேசப்படும் பெரிய வியாதிகள் இரண்டு. காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில் காப்பவன் கவனம் தளர்வது ஒன்று. நஷ்டம் வரும் என்று தெரிந்தவன் மட்டும் காப்பீடு செய்ய ஓடிவருவது மற்றொன்று. கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார மேதை 1963-ல் மருத்துவச் செலவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதல் வியாதியைத் துல்லியமாக ஆராய்ந்திருக்கிறார்: கொடுக்கிறவனால் வாங்குகிறவனின் முயற்சியைப் பார்க்க முடியாத இடத்தில் முழுக் காப்பீடு நிலைக்காது. தாண்டேகரின் ஏற்பாட்டில் அந்த முயற்சியைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. பக்கத்து வயல்களெல்லாம் காய்ந்தபோது, இரவு முழுவதும் ஏற்றம் இறைத்துத் தன் பயிரைக் காப்பாற்றியவனுக்குத் தன் நெல்லும் கிடைக்கிறது, வட்டாரத்துக்குரிய இழப்பீடும் கிடைக்கிறது. களை பறிக்காமல் படுத்துக்கிடந்தவனுக்கு அந்த இழப்பீட்டுக்கு மேல் ஒரு காசும் கிடைப்பதில்லை. உழைப்புக்குத் தண்டனையும் சோம்பலுக்குப் பரிசும் கொடுக்காத காப்பீடு இது. இரண்டாவது வியாதிக்கும் அவர் மருந்து சொன்னார்: பயிர்க் கடனோடு காப்பீட்டைப் பிணைத்துவிட்டால், கடன் வாங்குகிறவர்கள் அனைவரும் நல்ல நிலத்துக்காரரும் கெட்ட நிலத்துக்காரருமாக உள்ளே வந்துவிடுவார்கள், பஞ்ச காலத்தில் கடனும் அடைபடும், அடுத்த போகத்துக்குக் கடன் வாங்கும் யோக்கியதையும் கெடாது.

சக்ரவர்த்தி மழைமானியை நம்பினார். தாண்டேகர் வட்டார மகசூலை நம்பினார். கருவிகள் வேறானாலும் இருவரும் பிடித்த நூல் ஒன்றுதான்: நஷ்டத்தை அளக்கிற கோல், நஷ்டப்பட்டவன் கைக்கும் அதைப் பதிவு செய்கிறவன் கைக்கும் எட்டாத இடத்தில் இருக்கவேண்டும் என்பது. முன்பு கர்ணத்தின் பேனாவுக்குள் அடங்கியிருந்த அதிகாரத்தை அங்கிருந்து அகற்றி, ஒருவரும் தனியாக வளைக்க முடியாத ஓர் எண்ணிடம் ஒப்படைத்ததே இவர்கள் செய்த பேருபகாரம்.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பான்சே, சுகாத்மே போன்ற புள்ளிவிவர நிபுணர்கள் 1940-களில் இந்நாட்டில் முறைப்படுத்திய பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது அதற்கு ஆதாரம். கண்ணால் பார்த்து ‘பத்தணா விளைச்சல், பன்னிரண்டணா விளைச்சல்’ என்று மதிப்பிடுகிற பழைய வழக்கத்துக்குப் பதிலாக, சீட்டுக் குலுக்கியதுபோல் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த வயலில், தற்செயலாகத் தேர்ந்தெடுத்த இடத்தில், ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமுமாகக் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து எழுதுவார்கள். எந்த வயல் என்பது முன்கூட்டி ஒருவருக்கும் தெரியக் கூடாது. மேடு பள்ளம் பார்த்துக் கயிறு கட்டக் கூடாது. இந்த இரண்டு நியமங்களில் ஒன்று தவறினாலும் அதன்மேல் கட்டிய கணக்கு அத்தனையும் பொய்.

தாண்டேகரின் சிபாரிசு ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1979-ல் வட்டார முறையில் முன்னோடித் திட்டம் தொடங்கியது. நஷ்டத்தைப் பொதுக் காப்பீட்டுக் கழகமும் மாநில அரசும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பகிர்ந்துகொண்டன. 1984–85 வரையில் 13 மாநிலங்களில் 6.27 லட்சம் விவசாயிகள் அதில் சேர்ந்தார்கள். வசூலான பிரீமியம் 196.95 லட்சம் ரூபாய், கொடுத்த இழப்பீடு 157.05 லட்சம் ரூபாய். ஒரு ரூபாய்க்கு எட்டு ரூபாய் கொடுத்த தேசத்தில் ஒரு ரூபாய்க்கு எண்பது காசு கொடுத்துக் கணக்கு நேராயிற்று. ஒரு பேராசிரியருடைய தத்துவம் இவ்வளவு சீக்கிரத்தில், இவ்வளவு தெளிவான எண்களில் பரீட்சிக்கப்பட்டுத் தேறியது நம் தேசத்தில் அபூர்வம்.

தேறிய மாணவனை உடனே வேறு வகுப்பில் உட்கார வைத்தார்கள். 1985-ல் விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தேசமெங்கும் பரப்பியபோது, வட்டார முறையை வைத்துக்கொண்டு விலையை மாற்றினார்கள். முன்னோடித் திட்டத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை இருந்த பிரீமியம், தானியங்களுக்கு எங்கும் 2 சதவீதம், பருப்புக்கும் எண்ணெய் வித்துக்கும் எங்கும் 1 சதவீதம் என்று ஒரே சீராக்கப்பட்டது. மழை நம்பிக்கையான பிரதேசத்துக்கும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொய்க்கிற பிரதேசத்துக்கும் ஒரே விலை என்றால் கடல் வணிகனுக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் ஒரே வட்டி என்று கௌடலீயர் எழுதியதுபோல் ஆகும். விளைவும் அப்படியே வந்தது. 1999 வரையில் நடந்த அத்திட்டத்தில் பிரீமியம் 403.56 கோடி ரூபாய், இழப்பீடு 2,303.45 கோடி ரூபாய். அந்த இழப்பீட்டில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு குஜராத் ஒன்றுக்கே, பெரும்பாலும் அதன் நிலக்கடலைக்கே, போய்ச் சேர்ந்தது. இது ஏழைக் குடியானவனுக்குச் சர்க்கார் செய்த உதவி என்று சொன்னால் ஆட்சேபமில்லை. ஆனால் உதவியைக் காப்பீடு என்ற பெயரால் அழைத்துவிட்டு, காப்பீடு தோற்றது என்று பழிசொல்வது நியாயமாகாது. தாண்டேகரின் முறை அங்கே தோற்கவில்லை. அதற்கு இட்ட விலைதான் தவறு.

ஆயினும் அந்த முறையில் குறையே இல்லை என்று சொல்வது புகழ்ச்சியாகுமே தவிர மரியாதையாகாது. வட்டாரம் நன்றாக விளைந்து, ஒருவன் வயல் மட்டும் வாய்க்கால் உடைந்தோ ஆலங்கட்டி விழுந்தோ அழிந்துபோனால், அவனுக்குச் சல்லிக்காசு கிடைக்காது. பிரீமியம் கட்டினவன், பயிரை இழந்தவன், வட்டாரச் சராசரி என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்றால் வெறுங்கையோடு அனுப்பப்படுகிறான். அவனுக்கு இதை எந்தச் சாஸ்திரத்தைக்கொண்டு சமாதானம் சொல்ல முடியும்? வட்டாரம் பெரிதாக ஆக இந்த அநியாயமும் பெரிதாகிறது; சிறிதாக ஆகச் செலவும், கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்துவிட்ட எண்ணை வளைக்கும் ஆசையும் வளர்கின்றன. அப்புறம் வந்த சரித்திரமெல்லாம் இந்த வட்டாரத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வந்த சரித்திரம்தான். தாலுகாவிலிருந்து பிர்க்காவுக்கும், பிர்க்காவிலிருந்து கிராமத்துக்கும் அளவு இறங்கியது. 1999–2000 குளிர்காலப் போகத்தில் தேசிய விவசாயக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2002-ல் இதற்கென்றே தனிக் கம்பெனி ஏற்பட்டது. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரியின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முக்கியப் பயிர்களுக்கு ஊராட்சி அளவிலேயே, ஒவ்வோர் ஊராட்சிக்கும் குறைந்தது நான்கு அறுவடைப் பரிசோதனை என்ற நியதி வந்தது. ஆலங்கட்டி, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குதல் போன்ற உள்ளூர் விபத்துகளுக்கு மட்டும் தனி வயலையே போய்ப் பார்க்கலாம் என்றும் விதி செய்தார்கள். தாண்டேகர் மூடிய கதவில் ஒரு சிறு திட்டிவாசல் திறக்கப்பட்டது. அது தேவைதான் என்றே எனக்கும் தோன்றுகிறது.

மழையின் கதையும் இதற்கிடையே திரும்பிவந்தது. தாண்டேகர் மறைந்த அதே 1995-ல், குஜராத்தில் பணியாற்றிய அதிகாரியும் இத்துறை ஆராய்ச்சியாளருமான பி. கே. மிஸ்ரா, மழைக் காப்பீடு புதிய யோசனைதானா என்று கேட்டு எழுதிய ஒரு கட்டுரையில், மறக்கப்பட்ட மைசூர்க்காரரின் நூலை அறிஞர்களுக்கு நினைவூட்டினார். உலகத்தார் மழைக் காப்பீட்டைப் புதிய கண்டுபிடிப்பாகக் கருதிக்கொண்டிருந்த சமயம் அது. 2003-ல் அப்போதைய ஆந்திரத்தின் மகபூப்நகர் ஜில்லாவில் மழையளவை ஆதாரமாகக் கொண்ட காப்பீடு சிறிய அளவில் நடைமுறைக்கு வந்தது. சக்ரவர்த்தி யோசனை சொன்ன நாளிலிருந்து எண்ணினால் எண்பத்தெட்டு வருஷம்.

இன்று காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா நட்டவர்கள் சிட்டாவையும் அடங்கலையும் எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கும் பொதுச் சேவை மையத்துக்கும் நடக்கிறார்கள். காப்பீடு செய்யும் தொகையில் ஒன்றரை சதவீதம் கட்டுகிறார்கள். எஞ்சிய பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. 2020 முதல், கடன் வாங்கினவர் கட்டாயமாகச் சேரவேண்டும் என்ற விதியும் நீங்கிவிட்டது; தாண்டேகர் இரண்டாவது வியாதிக்குச் சொன்ன மருந்தை நாம் நிறுத்திவிட்டோம் என்று இதற்குப் பொருள். அறுவடை முடிந்து இழப்பீட்டுப் பட்டியல் வரும்போது, ‘பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறது, எங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை?’ என்ற கேள்வி கிளம்புகிறது. அந்தக் கேள்விக்குத் திட்டத்தின் தத்துவத்தில் பதில் இல்லை. ஊர்க் கோடியில் ஏதோ ஒரு வயலில் கயிறு கட்டி அறுத்தார்களே, அங்கேதான் இருக்கிறது. கயிறு சரியாகக் கட்டப்பட்டதா, அறுத்த நாளில் ஊரார் அருகே நின்று பார்த்தார்களா, தராசில் நின்ற எடையே தாளிலும் ஏறியதா என்பவையே முடிவு செய்கின்றன.

அறிஞர்களுக்குச் சிலை வைப்பதும் ஜயந்தி கொண்டாடுவதும் நமக்குப் பழக்கமான மரியாதைகள். எண்ணை நம்பி வாழ்ந்த ஓர் அறிஞருக்கு அவை போதா. அறுவடைப் பரிசோதனை எந்த நாளில், எந்த வயலில் என்று அறுக்கும் அன்று காலையில் ஊருக்குத் தெரிவிக்கவேண்டும்; எடை போட்டவுடன் அந்த எண்ணை ஊராட்சி அலுவலகப் பலகையில் அன்றைக்கே எழுதி வைக்கவேண்டும்; அந்த ஊரின் சென்ற ஆண்டுகளின் மகசூலும் உத்தரவாத மகசூலும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய பணமோ வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கட்டி ஒன்று போதும். இந்தத் தேசத்தின் கோடிக்கணக்கான குடியானவர்களுடைய காப்பீடு, இருபத்தைந்து சதுர மீட்டர் நிலத்தில் அறுத்த நெல்லின் எடையை நம்பி நிற்கிறது.